ஒரு கம்பெனி, இரண்டு தட்டுகள்: மெம்ஃபிஸ் ராக்கபில்லி பாடகர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

ராக்கபில்லி என்பது கறுப்பினத்தவரின் ப்ளூஸும் வெள்ளைக்காரரின் கன்ட்ரி இசையும் கலந்த, 1950-களின் ராக் இசை. ராக்கபில்லி என்றால் எல்விஸ் பிரெஸ்லி, கார்ல் பெர்க்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் என்று மூன்று நான்கு பெயர்கள் உடனே வரும். இந்த ஆய்வு அவர்கள் பாடிய அதே சன் ஸ்டுடியோவில், அதே வருடங்களில் பாடி, அந்தப் பட்டியலுக்கு ஓரடி வெளியே நின்றுவிட்ட ஒருவரைப் பற்றியது. அவர் பெயரைச் சொல்லாமல் ‘பாடகர்’ என்றே எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் கதை உடனே நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இங்கே பார்க்க வேண்டியது ஒரு சிறு கம்பெனி எடுத்த வியாபார முடிவையும், அது ஒருவரின் தொழிலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும்தான். பழைய பாட்டு கேட்கிறவர்கள் பாதியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை. ஊரறிந்த மற்றவர்களைப் பெயரோடு குறிப்பிடுகிறேன்.

பின்னணி

பாடகர் 1933-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வடகிழக்கு மூலையில் உள்ள போகஹான்டஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் பருத்திக் காட்டில் விளைச்சலில் பங்குக்கு உழைத்த குடும்பம். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளையாக இருந்தாலும், பக்கத்து வீடுகளில் இருந்த கறுப்பினக் கூலித் தொழிலாளர்களிடம்தான் மவுத் ஆர்கனும் கிட்டாரும் பழகினார். பின்னாளில் அவர் குரலில் ப்ளூஸ் ஒட்டவைத்தது போலத் தெரியாததற்கு இதுதான் காரணம். சில வருடங்கள் ராணுவத்தில் இருந்துவிட்டு, 1955 வாக்கில் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி மெம்ஃபிஸ் வந்து சேர்ந்தார்.

அந்த ஊரில் யூனியன் அவென்யூ 706-ம் எண்ணில் சாம் ஃபிலிப்ஸ் 1950-ல் ஒலிப்பதிவுக் கூடம் திறந்திருந்தார். 1952-ல் சன் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனியையும் அதே கட்டடத்தில் தொடங்கினார். பாடகர் நேரே அந்தக் கதவைத் தட்டவில்லை. ஒரு கார் கொட்டகையில் லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பெனி, நடத்த முயன்ற இருவர் அவரை ஒரு வானொலி நிலையத்தில் பாடவைத்து ஒலிநாடாவில் பதிந்தார்கள். இசைத்தட்டு அச்சடிக்க மூல அச்சு வெட்டித் தரும்படி அந்த நாடாவை எடுத்துக்கொண்டு இருவரில் ஒருவர் சன் ஸ்டுடியோவுக்குப் போனார். கேட்ட ஃபிலிப்ஸ் பாட்டையும் எடுத்துக்கொண்டார், நாடாவைக் கொண்டுவந்தவரையும் ஒலிப்பதிவாளராக வேலைக்கு வைத்துக்கொண்டார். பாடகரின் முதல் தட்டு 1956-ல் சன் பெயரில் வெளிவந்தது.

கம்பெனியின் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 1957-ல் நடந்ததை இது தெரியாமல் படித்தால் வெறும் துரோகக் கதையாகத்தான் தெரியும்.

அன்றைய சிறு லேபிளுக்குத் தட்டு விற்காமல் போவது பழகிப்போன நஷ்டம். தட்டு ஓடத் தொடங்கினால்தான் உண்மையான ஆபத்து. அச்சடிக்கும் ஆலைக்குக் கையில் காசு வைக்க வேண்டும். சரக்கு விநியோகஸ்தருக்குக் கடனில் போகும். அவர் பணம் தர இரண்டு மூன்று மாதம் ஆகும். விற்காததைத் திருப்பி அனுப்பவும் அவருக்கு உரிமை உண்டு. பாட்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகக் கையிருப்பு கரையும். அதற்கும் மேலே ஒரு சங்கதி: விநியோகஸ்தர் பழைய பாக்கியைக் கொடுப்பதே அடுத்த வெற்றித் தட்டு தனக்கு வேண்டும் என்றால்தான். நிச்சயம் ஓடும் என்று தெரிந்த ஒரு தட்டு கையில் இருந்தால், போன தட்டின் பாக்கியும் வசூலாகும். இல்லாவிட்டால் வாய்தாதான்.

ஃபிலிப்ஸ் இதில் ஏற்கெனவே அடிபட்டவர். 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. விக்டர் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனிக்கு 35,000 டாலருக்கு விற்றதே இந்தப் பண நெருக்கடியில்தான். அந்த விற்பனையைச் சரித்திரத்தின் பெரிய முட்டாள்தனம் என்று இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பணம் இல்லாமல் 1956-ல் கார்ல் பெர்க்கின்ஸின் தட்டை அத்தனை வேகத்தில் அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியிருக்க முடியாது. அது பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. ஃபிலிப்ஸுக்கு அதிலிருந்து கிடைத்த அனுபவம் ஒன்றுதான்: இருக்கும் பணத்தை ஒரே பாட்டில் போடு, முழு மூச்சாகத் தள்ளு.

அதே வருடம் மார்ச்சில் பெர்க்கின்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க் போகும் வழியில் டெலாவேர் மாநிலத்தில் கார் விபத்தில் சிக்கினார். ஒரே ஆளை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் அந்த விபத்து சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாடம் கணக்கில் ஏறியதாகத் தெரியவில்லை.

1957: கவனிக்கப்பட்டவை

பாடகரின் இரண்டாவது தட்டு 1957 தொடக்கத்தில் வந்தது. பறக்கும் தட்டில் வந்திறங்கிய செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் ராக் அண்ட் ரோல் கொண்டுவந்தார்கள் என்ற வேடிக்கைப் பாட்டு. அன்றைக்கு அமெரிக்கா முழுக்க அந்தப் பேச்சுதான். பாட்டுக்குப் பொருத்தமாகக் குழுவுக்குப் ‘பச்சை மனிதர்கள்’ என்று பொருள்படும் பெயர் வைத்து, பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். பியானோ வாசித்தவர், அப்போதுதான் லூசியானாவிலிருந்து வந்திருந்த ஜெர்ரி லீ லூயிஸ்.

மேடையில் பாடகரை யாரும் குறை சொன்னதில்லை. ஆர்கன்சாவின் 67-ம் நெடுஞ்சாலை ஓரத்தில், நியூபோர்ட், ஸ்விஃப்டன் பக்கம் வரிசையாக இருந்த இரவு விடுதிகளில் எல்விஸ், பெர்க்கின்ஸ், ஜானி கேஷ் எல்லோரும் பாடியிருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் இவருடைய குழுதான் மிக முரட்டுக் குழு என்று பெயர். மேடையில் இருந்து தாவி உத்தரத்தில் தொங்குகிற ரகம். ஆளும் பார்க்க சினிமா நடிகர் மாதிரி இருப்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவருடைய கிட்டார்காரரும் டிரம்ஸ்காரரும் சன் ஸ்டுடியோவின் அன்றாட வாத்தியக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். யார் பாட வந்தாலும் பின்னால் வாசிப்பது இவர்கள்தான். 1957 கோடையில் லூயிஸை ஒரே வீச்சில் நாடறிந்தவராக்கிய தட்டிலும் வாசித்தவர்கள் இந்த இருவரே. ஆக, தன் குழுவை வைத்துத் தன் போட்டியாளரை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார் பாடகர். அப்போது அது யாருக்கும் போட்டியாகத் தெரியவில்லை. ஒரே கூடத்துப் பிள்ளைகள், ராத்திரி சேர்ந்து வாசித்தார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தட்டுக்காக ஃபிலிப்ஸின் அண்ணன் ஜட், லூயிஸை நியூயார்க்குக்கு அழைத்துப்போய் ஸ்டீவ் ஆலன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிறுத்தினார். அது ஜூலை 28, 1957. லூயிஸ் முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நின்றபடி வாசித்தார். அன்று ராத்திரியோடு விற்பனை மாறியது. பாட்டு தேசிய வெற்றிப்பாட்டுப் பட்டியலில் 3-ம் இடம் வரை போனது.

பாடகரின் மூன்றாவது தட்டு அந்த இலையுதிர் காலத்தில் வந்தது. 1955-ல் அதே சன் கம்பெனிக்காக ஒரு கறுப்பினக் கலைஞர் எழுதிப் பாடிய பாட்டு. ‘என் காதலி நெருப்பு’ என்று பாடகர் கத்த, கூட இருப்பவர்கள் ‘உன் காதலி ஒன்றுமேயில்லை’ என்று திருப்பிக் கத்துகிற பாட்டு. மூலப்பாட்டு நடையில் போனதென்றால் இவர் அதை ஓட்டத்தில் விட்டார். இன்று கேட்டாலும் அந்த இரண்டு நிமிடச் சொச்சத்தில் எங்கேயும் தொய்வு கிடையாது. சில ஊர்களில் உடனே ஆர்டர் வரத் தொடங்கியது. நியூயார்க்கின் பெரிய வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடே ஆர்வம் காட்டியதாகப் பாடகர் சொல்லியிருக்கிறார்.

எடுத்த முடிவு, அதன் காரணம்

நவம்பரில் லூயிஸின் அடுத்த தட்டு தயார். அதே பாட்டை அவர் ஒரு திரைப்படத்திலும் பாடியிருந்தார். படமும் அதே சமயம் திரைக்கு வந்தது. கையில் இருந்த அச்சுப் பணம், விளம்பரப் பணம், தொலைபேசியில் விநியோகஸ்தர்களைத் துரத்த ஒரு நாளில் கிடைக்கும் நேரம், எல்லாமே ஒரு தட்டுக்குத்தான் போதும். ஃபிலிப்ஸ் லூயிஸைத் தேர்ந்தெடுத்தார்.

காரணங்களை வரிசையாகப் பார்த்தால் அன்றைக்கு வேறு முடிவு எடுக்க ஆள் இருந்திருக்காது. ஒருவர் ஏற்கெனவே 3-ம் இடம் தொட்டவர். மற்றவர் இன்னும் பட்டியலையே தொடாதவர். ஒருவர் பின்னால் சினிமாவும் தொலைக்காட்சியும் நின்றன. மற்றவர் பின்னால் சில வட்டார ஆர்டர்கள். பழைய பாக்கியை வசூலிக்கிற பலமும் லூயிஸின் தட்டுக்குத்தான் இருந்தது. கணக்குப்படியே நடந்தது: அந்தப் பாட்டு அமெரிக்காவில் 2-ம் இடம், பிரிட்டனில் முதலிடம்.

முடிவில் எனக்குக் குறை இல்லை. அது சொல்லப்பட்ட விதத்தில்தான் குறை. சரியாகச் சொன்னால், அது சொல்லப்படவே இல்லை.

பாடகர் பிற்காலப் பேட்டிகளில் சொன்னது இது: ஸ்டுடியோவில் இருந்தபோது ஃபிலிப்ஸ் ஒரு விநியோகஸ்தரிடம் தொலைபேசியில் பேசுவது அவர் காதில் விழுந்தது. இவருடைய தட்டை நிறுத்திவிட்டு லூயிஸின் தட்டை அனுப்புவதாகப் பேச்சு. இது ஒரு தரப்புச் சாட்சியம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று போனில் சொன்ன வார்த்தை எதுவாக இருந்தாலும், தட்டு அதற்குப் பிறகு எங்கும் நகரவில்லை.

அந்த ராத்திரி

பாடகர் போய் நன்றாகக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கையில் இருந்த ஒயினை ஸ்டுடியோவின் கருவிகள் மேல் ஊற்றினார்.

அந்தக் கருவிகள் என்ன என்பது முக்கியம். சன் பாட்டுகளில் குரலும் கிட்டாரும் சுவரில் பட்டுத் திரும்புவது போல ஒரு சின்ன எதிரொலி கேட்கும் இல்லையா, அது அறையின் எதிரொலி கிடையாது. இரண்டு ஆம்பெக்ஸ் ஒலிநாடா இயந்திரங்களை வைத்து ஃபிலிப்ஸ் செய்த வேலை. ஒன்றில் பதிவு நடக்கும். அதே ஒலி இரண்டாவது இயந்திரத்தில் பதிவு முனையிலிருந்து வாசிப்பு முனைக்கு நாடா நகரும் நேரம் மட்டும் தாமதமாகித் திரும்பி வந்து கலக்கும். கண் இமைக்கிற நேரம்தான். எத்தனையோ பெரிய ஸ்டுடியோக்கள் இந்த ஒலிக்காக அலைந்தன. ராக்கபில்லி என்ற ஒலியின் பாதி அந்த இரண்டு பெட்டிகளுக்குள் இருந்தது. பாடகர் ஒயின் ஊற்றியது அந்த அறையில்.

தகவல் போய் ஃபிலிப்ஸ் வந்தார். போலீஸைக் கூப்பிடவில்லை, ஒப்பந்தத்தைக் கிழிக்கவும் இல்லை. பாடகரைப் பின் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, சேர்ந்து குடித்துக்கொண்டே விடிய விடியப் பேசினார். காலையில் வெளியே வந்தபோது, சன் கம்பெனியின் அடுத்த பெரிய நட்சத்திரம் தான்தான் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனதாகப் பாடகரே பிறகு சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். ஃபிலிப்ஸின் பேச்சுத் திறமை பற்றி நிறையக் கதைகள் உண்டு. எனக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் அந்தப் பேச்சில் தேதி, எண்ணிக்கை, பணம் எதுவும் இருந்ததாக எங்கும் இல்லை. அடுத்த தட்டு எப்போது, எத்தனை அச்சடிப்பது, யார் அதைக் கொண்டுபோய் வானொலிக்காரர்களிடம் கொடுப்பது? ஒன்றும் எழுதப்படவில்லை. கோபம் ஆறியது, நிலைமை அப்படியே இருந்தது.

அடுத்து நடந்தவை

ஃபிலிப்ஸின் கணக்கு சுமார் ஆறு மாதம் பலித்தது. 1958 மே மாதம் லூயிஸ் பிரிட்டனுக்குப் பாடப் போனார். கூட வந்த மனைவிக்கு 13 வயது, உறவுக்காரரின் மகள் என்று பத்திரிகைகள் கண்டுபிடித்தன. மூன்று கச்சேரிகளோடு பயணம் ரத்தானது. அமெரிக்க வானொலிகளும் அவரை ஒதுக்கின. அதே வருடத்துக்குள் கார்ல் பெர்க்கின்ஸும் ஜானி கேஷும் சன்னை விட்டு கொலம்பியா என்ற பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கேஷ் போனதில் ராயல்டியும், அதாவது விற்பனையில் பாடகருக்கான பங்கும், ஒரு காரணம்: சன் தந்தது 3 சதவீதம், கொலம்பியா தர முன்வந்தது 5.

ஆக, 1958 கடைசியில் சன் கம்பெனிக்குத் தேவைப்பட்டது, மேடையில் தீப்பற்ற வைக்கிற ஒரு வெள்ளைக்கார ராக் பாடகர். அவர் அங்கேயேதான் இருந்தார். இடையில் வேறு கம்பெனிக்கு ஒரு தட்டு பாடிவிட்டுத் திரும்பியும் வந்திருந்தார். ஆனால் ராக்கபில்லியின் பருவமே அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. வானொலி மென்மையான இளைஞர் பாட்டுகள் பக்கம் சாய்ந்துவிட்டது. மொத்தம் ஆறு தட்டுகள் சன் பெயரில் வந்தன, கடைசி 1959-ல். அந்த ஆறில் ஒன்றுகூடத் தேசியப் பட்டியலில் ஏறவில்லை.

அப்புறம் பாடகரும் கிட்டார்காரரும் சேர்ந்து சொந்த லேபிள் தொடங்கினார்கள். 1960-ல் அதில் வேறொருவர் பாடிய ஒரு பாட்டு தேசியப் பட்டியலில் 21-ம் இடம் வரை போனது. ஃபிலிப்ஸ் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது இவர்கள்! பாட்டு ஓடியும் லேபிள் நிலைக்கவில்லை.

1962-ல் லாஸ் ஏஞ்சலிஸ் போய் அங்கே ஸ்டுடியோக்களில் மவுத் ஆர்கன், கிட்டார் வாசித்துப் பிழைத்தார். பிறகு தெற்குக்கே திரும்பினார். 1972-ல் ஒரு பாட்டு நூறு இடப் பட்டியலின் கடைசிப் படிகளில் எட்டிப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்து எல்விஸ் அதே பாட்டைப் பாடி முதல் நாற்பதுக்குள் கொண்டுபோனார். அந்தக் காலத்தில்தான் பாடகர் இசையை விட்டுவிட்டு ஆர்கன்சாவில் கட்டட வேலை, வீட்டு அலங்கார வேலை என்று இறங்கினார்.

1970-களின் நடுவில் ஐரோப்பாவில் சன் பதிவுகள் மறுபடி அச்சாயின. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருந்த ரசிகர்களுக்கு யார் பட்டியலில் ஏறினார்கள் என்பதில் அக்கறை இல்லை. எந்தப் பதிவு நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். 1977-ல் அமெரிக்காவிலேயே ஒருவர் அந்த மூன்றாவது தட்டுப் பாட்டை மறுபடி பாடி, அது பட்டியலிலும் ஏறியது. பாடகரை மேடைக்குத் தேடி வந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு இரண்டாவது தொழில் வாழ்க்கை தொடங்கியது. 1992-ல் பாப் டிலன் அவரைத் தேடிப் பிடித்துத் தன் மேடையில் ஏற்றினார். 1990-களின் கடைசியில் வந்த ப்ளூஸ் ஆல்பம் ஒன்று கிராமி பரிந்துரை வரை போனது.

2009 ஆகஸ்டில் ஆர்கன்சாவின் ஜோன்ஸ்பரோவில் புற்றுநோயால் இறந்தார். கடைசி வருடங்களில் மருத்துவச் செலவையும் வீட்டுக் கடன் தவணையையும் கட்ட உதவியது மியூசிகேர்ஸ் என்ற கலைஞர் நல அமைப்பு. 2015 பிப்ரவரியில் அந்த அமைப்பு டிலனைக் கௌரவித்தபோது, டிலன் தன் உரையில் ஒரு பகுதியை இந்தப் பாடகருக்காகவே ஒதுக்கி, அந்த உதவிக்கு நன்றி சொன்னார்.

என்ன மாறியிருக்கலாம்

லூயிஸுக்குப் பதிலாக இவரைத் தள்ளியிருந்தால் இவர் பெரிய நட்சத்திரமாகியிருப்பார் என்று ரசிகர்கள் எழுதுவதுண்டு. அதை நான் நம்பவில்லை. அந்த நவம்பரில் பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்திருந்தால் இரண்டு தட்டுமே நடுவழியில் நின்றிருக்கும். ஆனால் தேதியை மாற்றியிருக்கலாம். லூயிஸின் படம் எப்போது வரும் என்பது கம்பெனிக்குத் தெரியும். அப்படியிருக்க, அதற்குச் சில வாரங்களே முன்னால் அதே ரகத்தில், அதே ஸ்டுடியோவிலிருந்து இன்னொரு தட்டை இறக்கியதுதான் தவறான அடி. கோடையிலோ, 1958 பிப்ரவரியிலோ அது வந்திருந்தால் இரண்டும் ஒரே பணத்துக்கு மோதியிருக்காது. மே மாதத்தில் லூயிஸ் விழுந்தபோது சன் கையில் பாதி வளர்ந்த ஒரு பெயராவது இருந்திருக்கும்.

பாடகர் பக்கம் பார்த்தால், ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. தட்டு வந்த இத்தனை மாதத்துக்குள் குறைந்தது இத்தனை அச்சு என்ற விதி. அது நடக்காவிட்டால் வேறு இடம் போகும் உரிமை. அன்று மெம்ஃபிஸில் பருத்திக் காட்டிலிருந்து வந்த ஒரு பையன் இதைக் கேட்டிருப்பானா? கேட்டிருக்க மாட்டான், கேட்டாலும் கிடைத்திருக்காது. ஆனால் விடிய விடியப் பேசிய அந்த ராத்திரி வேறு மாதிரி. ஃபிலிப்ஸ் அன்று சமாதானம் வாங்க வந்தவர். பாடகருக்கு அதற்கு முன்னும் பின்னும் பேரம் பேச அவ்வளவு பலம் இருந்ததில்லை. அடுத்த தட்டின் மாதத்தை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கியிருக்கலாம்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: குழுவின் உழைப்பு. அந்தக் கிட்டாரும் டிரம்ஸும் வாசித்த தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன; வாசித்தவர்களுக்குக் கிடைத்தது வாசித்த நேரத்துக்கான கூலி. பாடகரின் ஒப்பந்தமும் குழுவின் ஸ்டுடியோ வேலையும் தனித்தனித் தாள்களாக இருந்து, குழு வாசித்த வெற்றித் தட்டிலிருந்து ஒரு சிறு பங்கு வந்திருந்தால், 1957 நவம்பரில் லூயிஸின் தட்டு ஓடுவது இவர்களுக்கும் வருமானமாக இருந்திருக்கும். பட்டியலில் ஏறாத ஒரு குழு இன்னும் இரண்டு வருடம் சேர்ந்து ஊர் ஊராகப் போக அந்தப் பணம் போதுமானதாக இருந்திருக்கும்.